மேலேயும் கீழேயும் எக்ஸ்² இருந்தால் அடித்துவிடலாமா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். (எக்ஸ்² − 9) / (எக்ஸ்² + எக்ஸ் − 12) என்பதைச் சுருக்கும் கணக்கில், மேலேயும் கீழேயும் இருந்த எக்ஸ்²-ஐ அடித்துவிட்டு −9 / (எக்ஸ் − 12) என்று எழுதினாள். மதிப்பெண் போய்விட்டது. டியூஷனில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்களாம். எது சரி?
– ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: விடை தவறுதான் அம்மா. ஆனால் பிள்ளையைத் திட்டாதீர்கள். 17/27-ஐ (10 + 7) / (20 + 7) என்று எழுதிக் காட்டுங்கள். இரண்டு 7-ஐயும் அடித்தால் 10/20, அதாவது பாதி. 27-இல் பாதியா 17? கூட்டலில் நிற்பதை அடிக்கவே கூடாது; பெருக்கலில் நிற்பதைத்தான் அடிக்கலாம். கூட்டலைப் பெருக்கலாக மாற்றத்தான் காரணிப்படுத்துகிறோம்.

மேலே (எக்ஸ் + 3)(எக்ஸ் − 3). கீழே, பெருக்கினால் −12, கூட்டினால் 1 வர வேண்டும். அந்த எண்கள் 4, −3. ஆக (எக்ஸ் + 4)(எக்ஸ் − 3). இரண்டிலும் உள்ள (எக்ஸ் − 3) என்ற முழு அடைப்பை அடித்தால் விடை (எக்ஸ் + 3) / (எக்ஸ் + 4). எக்ஸுக்கு 5 போட்டால் கணக்கில் 16/18, விடையில் 8/9. சரியாக இருக்கிறது. அவள் விடையில் 9/7 வரும்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை ‘கணக்கில் சென்டம்’ என்று தட்டி வைத்து, மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். பணம் கட்டுமுன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “இதை ஏன் அடிக்கலாம், சார்?” ‘ஷார்ட்கட்’ என்று மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். காரணிப்படுத்துதலை எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் ஓட்டமாக முடித்துவிட்டு, பத்தாம் வகுப்பில் விகிதமுறு கோவை (இந்தக் கணக்கைப் போல எக்ஸ் உள்ள பின்னம்) என்று தலையில் ஏற்றுகிறோம். நடுவில் யாரும் நின்று பார்ப்பதில்லை. எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு.

ஒரு இடத்தில் மட்டும் நல்ல பிள்ளைகளும் வழுக்குவார்கள். மேலே (3 − எக்ஸ்), கீழே (எக்ஸ் − 3) என்று திரும்பி நின்றால், அடித்த பிறகு 1 வராது, −1 வரும். எக்ஸ் 5 என்றால் மேலே −2, கீழே 2. எக்ஸ் 10 என்றால் மேலே −7, கீழே 7. எந்த எண் போட்டாலும் (3 தவிர) −1தான். ஆனால் (3 + எக்ஸ்), (எக்ஸ் + 3) இரண்டும் ஒன்றே; அங்கே குறி மாறாது. இன்றிரவு அதே கணக்கில் எக்ஸ்² − 9 இருந்த இடத்தில் 9 − எக்ஸ்² என்று மாற்றிக் கொடுங்கள். −(எக்ஸ் + 3) / (எக்ஸ் + 4) என்று எழுதினால் அவளுக்குப் புரிந்துவிட்டது.