எதில் எவ்வளவு? கரைசல் கணக்கும் பிஎச்சும்: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கரைசல்களைப் பற்றியவை. செய்முறைத் தேர்வு நெருங்குகிறது என்று அர்த்தம். இத்தனை வருடம் விடைத்தாள் திருத்தியதில், செறிவுக் கணக்கில் பெருக்கல் வகுத்தலில் தவறியவர்களைக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். எதை எதால் வகுக்கிறோம் என்று பார்க்காமல் தவறியவர்களே அதிகம். கீழே உள்ள கேள்விகளிலும் பெரும்பாலும் அதே கதைதான்.

மோலாரிட்டி, மோலாலிட்டி இரண்டுக்கும் விடை பெரும்பாலும் ஒன்றாகவே வருகிறதே, பிறகு எதற்கு இரண்டு?
*(பிளஸ் ஒன் மாணவி, திண்டுக்கல்)*

உங்கள் புத்தகக் கணக்குகளில் கரைசல் ரொம்ப நீர்த்தது. அதனால்தான் ஒன்றாக வருகிறது. கொஞ்சம் கெட்டியாக்கிப் பாருங்கள். மோல் என்பது துகள்களை எண்ணும் அளவு, டஜன் மாதிரி. ஒரு மோல் சர்க்கரை 342 கிராம். ஒரு லிட்டர் தண்ணீரை அளந்து பாத்திரத்தில் ஊற்றி, அதில் 342 கிராம் சர்க்கரையைக் கொட்டிக் கரையுங்கள். ஜாமூனுக்குப் பாகு வைப்பவர்களுக்குத் தெரியும், பாத்திரத்தில் மட்டம் ஏறிவிடும். இப்போது இருப்பது ஏறக்குறைய 1.2 லிட்டர்.

தண்ணீர் ஒரு கிலோ, சர்க்கரை ஒரு மோல். எனவே மோலாலிட்டி 1. ஆனால் கரைசல் 1.2 லிட்டர். எனவே மோலாரிட்டி 0.83தான். மோலாலிட்டியில் வகுப்பது கரைப்பானின் எடையால், மோலாரிட்டியில் வகுப்பது கரைசலின் கன அளவால். சூடாக்கினால் கன அளவு மாறும், எடை மாறாது. கொதிநிலை ஏற்றம், உறைநிலைத் தாழ்வு போன்ற கணக்குகளில் மோலாலிட்டி வருவதற்குக் காரணம் இதுதான்.

'ஒரு லிட்டர் தண்ணீரில் போடு' என்பதும் 'ஒரு லிட்டராக்கு' என்பதும் ஒன்றல்ல என்பது இதிலிருந்தே தெரியும். ஒரு மோலார் கரைசல், அதாவது லிட்டருக்கு ஒரு மோல், வேண்டுமென்றால் முதலில் குறைவான தண்ணீரில் கரைத்து, அப்புறம் ஸ்டாண்டர்டு ஃபிளாஸ்க்கின் கழுத்துக் கோடு வரை நிரப்ப வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு கரையும்போது குடுவை நன்றாகச் சுடும். அந்தச் சூட்டிலேயே கோடு வரை நிரப்பிவிட்டு, ஆறிய பிறகு மட்டம் கோட்டுக்குக் கீழே போய்விட்டதே என்று திகைப்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கலாம். ஆறவிட்டு நிரப்புங்கள்.

அடர் ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டிலில் 37 சதவீதம், அடர்த்தி 1.18 என்று மட்டும் போட்டிருக்கிறது. 0.1 மோலார் கரைசல் 250 மி.லி. தயாரிக்க எத்தனை மி.லி. எடுப்பது?
*(பி.எஸ்சி. முதலாண்டு, திருநெல்வேலி)*

சூத்திரத்தைத் தேடாமல், ஒரு லிட்டர் பாட்டில் கண் முன்னால் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் எடை 1180 கிராம். அதில் 37 சதவீதம் அமிலம், அதாவது 436.6 கிராம். மோலார் நிறை 36.5. வகுத்தால் ஏறக்குறைய 12 மோல். ஆக பாட்டிலில் இருப்பது 12 மோலார்.

நமக்கு வேண்டியது கால் லிட்டரில் 0.1 மோலார், அதாவது 0.025 மோல். அதை 12ஆல் வகுத்தால் 0.00208 லிட்டர், சுமார் 2.1 மி.லி. பலர் 37 சதவீதம் என்றதும் 'லிட்டருக்கு 370 கிராம்' என்று எடுத்துக்கொண்டு 10 மோலார் என்று எழுதிவிடுகிறார்கள். சதவீதம் எடைக்கு எடை. அடர்த்தி இல்லாமல் அதை லிட்டருக்குக் கொண்டுவர முடியாது.

ஆனால் இந்த 2.1ஐ அப்படியே நம்பாதீர்கள். மூடியைத் திறந்ததும் புகைகிறதே, அது வெளியேறும் ஹைட்ரஜன் குளோரைடு. பழைய பாட்டிலில் 37 இருக்காது. கரைசலைத் தயாரித்தபின், உலர்த்திய சோடியம் கார்பனேட்டைக் கொண்டு தரம்பார்த்துத்தான் (அளவு தெரிந்த பொருளோடு வினைபுரியவைத்துக் கணக்கிட்டுத்தான்) உண்மையான செறிவை எழுத வேண்டும். குடுவையில் முதலில் பாதித் தண்ணீர், பிறகு அமிலம். பிப்பெட்டில் வாய் வைக்கவே கூடாது, ரப்பர் பல்ப்தான்.

சோடியம் ஹைட்ராக்சைடும் இப்படித்தான் ஏமாற்றும். வேலையில் சேர்ந்த புதிதில் சரியாக 4 கிராம் எடை போட்டு ஒரு லிட்டராக்கி, பாட்டிலில் '0.1 மோலார்' என்று பெருமையாகச் சீட்டு ஒட்டினேன். ஆக்சாலிக் அமிலத்தோடு தரம்பார்த்தபோது 0.094 வந்தது. எடை போடும்போதே வாட்ச் கிளாஸில் அந்த உருண்டைகள் வியர்த்துக்கொண்டிருந்தன. நான் எடை போட்டதில் ஒரு பங்கு காற்றின் ஈரம். ஆக்சாலிக் அமிலப் படிகம் அப்படிச் செய்யாது. அதன் படிக நீரையும் சேர்த்து மோலார் நிறை 126, எனவே லிட்டருக்கு 6.3 கிராம் போட்டால் 0.05 மோலார். படிக நீரை மறந்து 90 என்று போட்டால் மொத்தமும் போச்சு.

10 மி.லி. கந்தக அமிலத்துக்கு 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 20 மி.லி. ஆனது. எம்1வி1 = எம்2வி2 போட்டால் 0.2 வருகிறது. விடை 0.1 என்கிறார்கள்.
*(பிளஸ் டூ மாணவர், விழுப்புரம்)*

0.1தான் சரி. ஒரு கந்தக அமில மூலக்கூறு இரண்டு ஹைட்ராக்சைடு மூலக்கூறுகளைத் தீர்க்கும். எம்1வி1 (எம் மோலாரிட்டி, வி கன அளவு) என்பது நீர்த்தலுக்கான சூத்திரம், வினைக்கானதல்ல. இங்கே மோலாரிட்டிக்குப் பதில் நார்மாலிட்டியை, அதாவது லிட்டருக்கு எத்தனை சமான நிறை என்பதைப் போட்டால் சரியாக வரும் (சமான நிறை என்பது மோலார் நிறையை, வினையில் ஒரு மூலக்கூறு கைமாற்றும் ஹைட்ரஜன் அயனி அல்லது எலக்ட்ரான் எண்ணிக்கையால் வகுத்தது): 0.2 நார்மல் கந்தக அமிலம் என்றாலே 0.1 மோலார்தான். நார்மாலிட்டியிலும் ஒரு வம்பு உண்டு. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் சமான நிறை அமில ஊடகத்தில் 158ஐ 5ஆல் வகுத்து 31.6, நடுநிலை ஊடகத்தில் 3ஆல் வகுத்து 52.7. ஒரே பாட்டில், வினையைப் பொறுத்து இரண்டு நார்மாலிட்டி.

10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஎச் 8 என்று எழுதினேன். மதிப்பெண் இல்லை. லாக் சரியாகத்தானே போட்டேன்?
*(பிளஸ் டூ மாணவி, கரூர்)*

லாக் சரிதான். ஆனால் விடையைத் திரும்பப் பார்த்தீர்களா? பிஎச் என்பது ஹைட்ரஜன் அயனிச் செறிவின் லாக், குறியை மாற்றி எழுதியது. 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், 8 என்றால் காரம். தண்ணீரில் அமிலத்தை விட்டு அது காரமாக மாறுமா?

தண்ணீரிலேயே 10⁻⁷ மோலார் ஹைட்ரஜன் அயனி இருக்கிறது. நீங்கள் விட்ட அமிலம் அதில் பத்தில் ஒரு பங்குதான். இரண்டையும் சும்மா கூட்டினால் 1.1 × 10⁻⁷, பிஎச் 6.96. பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் அமிலம் வந்ததும் தண்ணீர் தன் அயனியாதலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். ஹைட்ரஜன் அயனியை 'அ' என்று வைத்தால், ஹைட்ராக்சைடு அயனி 10⁻¹⁴/அ. மின்சுமை சமன்பட வேண்டுமென்பதால்:

அ = 10⁻⁸ + 10⁻¹⁴/அ

இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் அ = 1.05 × 10⁻⁷, பிஎச் 6.98. ஏழுக்குத் துளி கீழே. அமிலத்தின் செறிவு 10⁻⁶க்குக் கீழே போனாலே தண்ணீரின் பங்கையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

இது காகிதத்தில் மட்டுமே வரும் கணக்கு என்பதையும் சொல்ல வேண்டும். வாலை வடிநீரைத் திறந்த பீக்கரில் வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்து பிஎச் 5.6 பக்கம் இறங்கிவிடும். அதில் உங்கள் 10⁻⁸ எங்கே இருக்கிறதென்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பிஎச் 2 உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் பிஎச் 4 உள்ளதையும் சம அளவு கலந்தால் பிஎச் 3தானே?
*(பாலிடெக்னிக் மாணவர், சேலம்)*

இல்லை, 2.3. பிஎச்சைக் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது, அயனிச் செறிவைத்தான் வகுக்க வேண்டும். 0.01ஐயும் 0.0001ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 0.00505. முதல் கரைசலில் இருப்பது இரண்டாவதைப் போல நூறு மடங்கு. பிஎச் 4 கரைசல் கிட்டத்தட்ட தண்ணீர் சேர்த்த மாதிரிதான்.

இட்லி மாவும் இப்படித்தான். இரவில் 6ஆக இருந்த பிஎச் காலையில் 4.5 ஆனால் 'ஒன்றரை புள்ளிதானே' என்று தோன்றும். ஹைட்ரஜன் அயனி முப்பது மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது.

பாலில் அமிலத்தன்மை 0.14 சதவீதம் லாக்டிக் அமிலம் என்று எழுதுகிறோம். ஆனால் பிஎச் மீட்டரில் 6.6 காட்டுகிறது. கணக்குப் போட்டால் ஒத்துவரவில்லை. எது பொய்?
*(பால் குளிரூட்டும் நிலைய ஆய்வகத்தில் பயிற்சியில் இருப்பவர், ஈரோடு மாவட்டம்)*

இந்த வாரத்தின் நல்ல கேள்வி இதுதான். இரண்டுமே பொய்யில்லை, ஆனால் அந்த 'லாக்டிக் அமிலம்' என்ற சொல் மட்டும் கொஞ்சம் பொய்.

முதலில் நீங்கள் செய்வதைப் பார்ப்போம். 10 மி.லி. பாலில் சில சொட்டு பினால்ப்தலீன் விட்டு, பியூரெட்டிலிருந்து என்/9 (ஒன்பதில் ஒரு பங்கு நார்மல்) சோடியம் ஹைட்ராக்சைடை விடுகிறீர்கள். வெள்ளைப் பாலில் இளஞ்சிவப்பு தெரிந்து, கலக்கியும் போகாமல் நின்றால் முடிவு நிலை. அதென்ன விசித்திரமாக ஒன்பது? லாக்டிக் அமிலத்தின் மோலார் நிறை 90. அதை 9ஆல் வகுத்தால் லிட்டருக்கு 10 கிராம், அதாவது ஒரு மி.லி. காரம் 0.01 கிராம் லாக்டிக் அமிலத்துக்குச் சமம். 10 மி.லி. பாலுக்கு 1.4 மி.லி. ஆனால் நேராக 0.14 சதவீதம். மனக்கணக்கிலேயே முடித்துவிடலாம் என்பதற்காகவே யாரோ புத்திசாலி அந்த 9ஐத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

இப்போது உங்கள் சந்தேகம். 0.14 சதவீதம் என்றால் லிட்டருக்கு 1.4 கிராம், 0.0156 மோலார். லாக்டிக் அமிலத்தின் அயனியாதல் மாறிலி 1.4 × 10⁻⁴. அத்தனையும் உண்மையிலேயே லாக்டிக் அமிலமாக இருந்தால் பிஎச் 2.85க்குப் போயிருக்க வேண்டும். பிஎச் 4.6 வந்தாலே பாலின் புரதமான கேசின் திரண்டுவிடும். உங்கள் கேனில் பால் இருந்திருக்காது.

கறந்த பாலில் லாக்டிக் அமிலம் இல்லை என்றே சொல்லலாம். நீங்கள் விட்ட காரத்தைக் குடித்தவை கேசின், பாஸ்பேட், சிட்ரேட், கரைந்த கார்பன் டைஆக்சைடு. இவை ஹைட்ரஜனைக் கையில் பிடித்து வைத்திருக்கும், காரம் வந்து கேட்டால்தான் விடும். பிஎச் மீட்டர் பார்ப்பது இப்போது வெளியே திரியும் அயனிகளை. பியூரெட் பார்ப்பது கேட்டால் கொடுக்கக்கூடிய மொத்தத்தையும். பால் ஒரு தாங்கல் கரைசல், அதாவது கொஞ்சம் அமிலமோ காரமோ வந்தாலும் பிஎச்சை எளிதில் மாறவிடாதது. அதனால் இரண்டுக்கும் இவ்வளவு தூரம்.

அப்படியானால் எதற்கு அந்தச் சோதனை? பால் புளிக்கத் தொடங்கியதும் கிருமிகள் உண்டாக்கும் உண்மையான லாக்டிக் அமிலம் இந்த இயல்பான 0.14க்கு மேல் வந்து ஏறும். நாம் கவனிப்பது அந்த ஏற்றத்தைத்தான். எருமைப் பாலில் கெட்டிப் பொருள் அதிகம் என்பதால் புத்தம் புதிதாகவே அளவு கொஞ்சம் கூடுதலாக வரலாம், அதைப் புளிப்பு என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

ஓஆர்எஸ் பாக்கெட்டில் கிராமும் போட்டிருக்கிறது, மில்லிமோலும் போட்டிருக்கிறது. எதற்கு இரண்டு?
*(நர்சிங் மாணவி, நாகப்பட்டினம்)*

கலப்பவருக்குக் கிராம், குடலுக்கு மோல். ஓஆர்எஸ் என்பது வயிற்றுப்போக்கில் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கலவை. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. பார்த்தால் குளுக்கோஸ்தான் மலை மாதிரி தெரிகிறது. மோலாக மாற்றுங்கள். குளுக்கோஸ் 13.5ஐ 180ஆல் வகுத்தால் 75 மில்லிமோல். சோடியம், உப்பிலிருந்து 44, சிட்ரேட்டிலிருந்து 30 (10 மில்லிமோல், ஒவ்வொன்றிலும் மூன்று சோடியம்). மொத்தம் 74, பாக்கெட்டில் 75 என்று இருக்கும். எண்ணிக்கையில் இரண்டும் சமம். குடலில் குளுக்கோஸ் உள்ளே போகும்போது சோடியத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது, தண்ணீர் பின்னாலேயே போகிறது. அதனால்தான் இந்தச் சமம்.

எல்லாத் துகள்களையும் கூட்டினால் லிட்டருக்கு 245 மில்லிமோல், இரத்தத்தைவிடக் கொஞ்சம் குறைவு. ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டரில் கலந்தால் அது 490 ஆகிவிடும். அப்போது குடல் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதில் விட ஆரம்பிக்கும். 200 மி.லி.க்கான சின்ன பாக்கெட்டும் கடையில் கிடைக்கிறது, எந்த பாக்கெட் என்று பார்த்துக் கலக்கச் சொல்லுங்கள்.

பிஎச் பூஜ்யத்துக்குக் கீழே போகுமா?
*(ஒன்பதாம் வகுப்பு மாணவர், மதுரை)*

போகும் தம்பி. 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குக் கணக்குப் போட்டால் −0.3 வரும். 0 முதல் 14 வரை என்பது வேலி இல்லை. 1909இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் இருந்த சோரன்சன் இந்த அளவை உண்டாக்கியது நொதிகளை ஆராய. நொதிக் கரைசலில் அமிலம் ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கும். 0.00001 என்று ஒவ்வொரு முறையும் பூஜ்யங்களை எண்ணிக்கொண்டிருக்க முடியாமல் 5 என்று எழுத வழி செய்துகொண்டார். அடர் அமிலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அங்கே '2 மோலார்' என்றே எழுதிவிட்டுப் போகலாம்.