கிரெனோபிள்: மலைநீர் வளர்த்த ஆய்வு நகரம் (வாசகர் கேள்விகளும் பதில்களும்)

பள்ளி ஆசிரியை ஒருவர்: பிரான்சிலுள்ள கிரெனோபிளை ஆல்ப்ஸ் மலைநகரம் என்கிறார்கள். படங்களில் பார்த்தால் நகரம் சமதளமாக இருக்கிறதே, ஐயா?

நீங்கள் கவனித்தது சரியே. வடக்கே ஷார்த்ரூஸ், மேற்கே வெர்கோர், கிழக்கே பெல்தொன் என மூன்று மலைத்தொடர்கள் சூழ்ந்திருந்தாலும், நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 210 மீட்டர் உயரத்தில்தான் அமைந்திருக்கிறது. இசேர், திராக் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் படிந்த வண்டல் மண்ணே அதன் தரை. அந்த ஆறுகளால் நகரம் பட்ட துன்பமும் பெரிது. மலைச்சரிவு அடைத்ததால் வாசான் பள்ளத்தாக்கில் உருவாகியிருந்த ஏரியொன்று 1219 செப்டம்பரில் ஓரிரவில் உடைத்துக்கொண்டு வந்து நகரத்தை மூழ்கடித்தது. 1859-இலும் பெருவெள்ளம் வந்தது.

கல்லூரிப் பேராசிரியர் ஒருவர்: நகர எல்லைக்குள் ஒன்றரை லட்சம் பேருக்குச் சற்று மேல்தான் வாழ்கிறார்கள். ஐரோப்பாவின் பெரிய ஆய்வு நிலையங்கள் தலைநகரை விட்டு இங்கே வந்தது எப்படி?

அரசாங்கம் ஒருநாள் வரைபடத்தில் விரலை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுத்ததாகவே பலரும் எழுதுகிறார்கள். அந்த விளக்கம் போதாது என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கதை மலையிலிருந்து விழும் நீரில் தொடங்குகிறது.

காகித ஆலைக்கு மரக்கூழ் அரைப்பதற்காக அரிஸ்தீத் பெர்ஜெஸ் என்னும் பொறியாளர், 1869-இல் கிரெனோபிளுக்கு அருகிலுள்ள லான்சே என்ற ஊரில், ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்திலிருந்து குழாய் வழியே நீரை இறக்கிச் சுழலியை இயக்கினார். அவ்வளவு உயரத்து நீரின் அழுத்தத்தைத் தாங்கும் குழாயை அமைத்ததே அன்று பெரும் சாதனை. பின்னர் அதே நீரால் மின்சாரமும் எடுக்கப்பட்டது. நிலக்கரி கிடைக்காத அந்தப் பள்ளத்தாக்குகளில் இந்த ஆற்றலை 'வெள்ளை நிலக்கரி' என்று அழைத்தார்கள். 1925-இல் கிரெனோபிளில் நடந்த பன்னாட்டுக் கண்காட்சியே அதன் பெயரில்தான் நடந்தது. நீர்மின்சாரம் வந்தபின் சுழலி செய்யும் ஆலைகளும் மின்கருவித் தொழிற்சாலைகளும் எழுந்தன. அவற்றுக்குப் பொறியாளர்கள் தேவைப்பட்டதால் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கல்வி வேரூன்றியது. ஆலையும் வகுப்பறையும் ஒன்றையொன்று நம்பி வளரும் பழக்கம் அங்கு அப்போதே ஏற்பட்டுவிட்டது.

இந்தச் சூழலுக்குள்தான் 1940-இல் லூயி நேல் வந்து சேர்ந்தார். ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் காந்தவியலை ஆராய்ந்துவந்த அவர், போர்க்காலத்தில், கப்பலின் காந்தத்தால் தூண்டப்பட்டு வெடிக்கும் கடற்கண்ணிகளிலிருந்து பிரெஞ்சுக் கப்பல்களைக் காப்பதற்காக அவற்றின் காந்தத்தன்மையை நடுநிலையாக்கும் முறையை உருவாக்கியவர். ஜெர்மனி ஸ்ட்ராஸ்பூர்க்கைப் பிடித்தபின் கிரெனோபிளுக்கு வந்த அவர், போர் முடிந்த பிறகும் திரும்பிச் செல்லாமல், அங்கேயே ஆய்வகம் அமைத்தார். 1956-இல் தொடங்கிய அணுசக்தி ஆய்வு மையத்துக்கும் அவரே தலைமை ஏற்றார். 1970-இல் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. வந்த அறிஞரைத் தங்கவைக்கும் அளவுக்குத் தொழிலும் கல்வியும் அந்த ஊரில் முன்னரே முதிர்ந்திருந்தன என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

இயற்பியல் முதுகலை மாணவி: நியூட்ரான் ஆய்வு நிலையமும் சின்க்ரோட்ரானும் அருகருகே இருக்கின்றன. இரண்டும் ஏன் தேவை?

இரண்டும் பொருளின் உள்ளமைப்பைக் காட்டுபவை. ஆனால் காட்டும் விதம் வேறு. சின்க்ரோட்ரான் தரும் எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரான்களால் சிதறடிக்கப்படுவதால், எலக்ட்ரான்கள் மிகுந்த கனமான அணுக்கள் நன்றாகவும் ஹைட்ரஜன் போன்ற இலேசான அணுக்கள் மங்கலாகவும் தெரியும். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை; அது பொருளுக்குள் ஆழமாக ஊடுருவி அணுக்கருவால் சிதறுகிறது. ஆகவே ஹைட்ரஜனும் அதற்குப் புலப்படும். அதற்குக் காந்தத் திருப்புத்திறன் இருப்பதால், அதாவது அதுவே ஒரு மிகச்சிறு காந்தம்போல் நடந்துகொள்வதால், அணுக்களின் காந்த ஒழுங்கையும் அது காட்டிக்கொடுக்கும். அடுத்தடுத்த அணுக்களின் காந்தம் எதிரெதிர்த் திசைகளில் அமையலாம் என்று நேல் 1930-களில் கோட்பாடாகச் சொன்னதை, அமெரிக்காவில் 1949-இல் நியூட்ரான் சிதறல்தான் நேரடியாக மெய்ப்பித்தது.

நியூட்ரான் ஆய்வு நிலையமான லாவே-லாஞ்செவின் நிறுவனம் 1967-இல் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் செய்த உடன்படிக்கையால் பிறந்தது. 1973-இல் பிரிட்டனும் சேர்ந்தது. பகைநாடுகளாக இருந்தவை போர் முடிந்து ஒரு தலைமுறைக்குள் ஓர் அணு உலையைப் பகிர்ந்துகொண்டதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. அதன் 58 மெகாவாட் உலை மின்சாரம் தயாரிப்பதற்காக அமைக்கப்பட்டதன்று. அடர்த்தியான நியூட்ரான் கற்றைகளைத் தருவதே அதன் பணி. பக்கத்திலுள்ள ஐரோப்பிய சின்க்ரோட்ரான், 844 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் எலக்ட்ரான்களை ஓடவிட்டு, அவை காந்தங்களால் வளைக்கப்படும்போது வெளிவரும் எக்ஸ் கதிர்களைப் பயன்படுத்துகிறது. 1994 முதல் அது ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கிறது. ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்து 2009-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் அங்கே ஆய்வு செய்தவர்களுள் ஒருவர்.

வரலாற்று ஆர்வலர்: பிரெஞ்சுப் புரட்சி பாரிசுக்கு முன்பே கிரெனோபிளில் தொடங்கியது என்பது உண்மையா?

ஒரு நகரத்தின் பெருமிதம் அதில் கலந்திருந்தாலும், அடிப்படையற்ற கூற்றன்று. அரசர் நீதிமன்றங்களின் அதிகாரத்தைக் குறைத்து, நீதிபதிகளை ஊரைவிட்டு வெளியேறச் சொன்னபோது, 1788 ஜூன் 7 அன்று மக்கள் எதிர்த்து எழுந்தனர். சந்தைப் பெண்கள் முன்னின்றார்கள். கூரைகளில் ஏறியவர்கள் ஓடுகளைப் பெயர்த்துப் படைவீரர்கள்மேல் எறிந்தார்கள். 'ஓடுகளின் நாள்' என்று அது நினைவுகூரப்படுகிறது. என் பார்வையில் அதைவிடப் பெரிய செய்தி, ஜூலை 21 அன்று அருகிலுள்ள வீசீய் கோட்டை மாளிகையில் கூடிய சபையே. குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்னும் மூன்று பிரிவினரும் ஒன்றாக அமர்ந்து, நாட்டின் பொதுச்சபையைக் கூட்ட வேண்டும் என்றும், பிரிவுக்கு ஒன்றாக அல்லாமல் தலைக்கு ஒன்றாக வாக்கு எண்ணப்பட வேண்டும் என்றும் கோரினார்கள். அடுத்த மாதமே அரசர் பொதுச்சபையைக் கூட்ட இசைந்தார். அந்த மாளிகையில் இன்று புரட்சி அருங்காட்சியகம் இருக்கிறது.

மொழியியல் மாணவர்: ஷாம்போலியோனுக்கு இந்த ஊரோடு என்ன தொடர்பு?

எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டறிந்த அவர் படித்ததும் இளவயதிலேயே கற்பித்ததும் இங்கேதான். நெப்போலியனுடன் எகிப்துக்குச் சென்று திரும்பிய கணித அறிஞர் ஃபூரியே, 1802 முதல் 1815 வரை இசேர் மாவட்ட ஆட்சியராக இருந்தார். சிறுவன் ஷாம்போலியோனின் எகிப்திய ஆர்வம் வளர்ந்தது அவருடைய காலத்தில்தான். வெப்பம் பரவும் விதம் பற்றிய தம் புகழ்பெற்ற ஆய்வையும் ஃபூரியே நிர்வாகப் பணிக்கிடையே இங்கிருந்தபோதுதான் செய்தார்.

பயணம் திட்டமிடும் வாசகர்: ஒரு நாள்தான் கிடைக்கும். எதைப் பார்ப்பது?

ஆற்றங்கரையிலிருந்து 1934 முதல் இயங்கும் கம்பிவட ஊர்தியில் பஸ்தீய் கோட்டைக்கு முதலில் ஏறிவிடுங்கள். ஆறுகள் கூடும் முனையில் சின்க்ரோட்ரான் வளையம் கிடப்பது மேலிருந்து தெளிவாகத் தெரியும். இறங்கும்போது, கரையோரத்திலுள்ள சேன்-லோரான் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய தேவாலயத்தின் அடியில் தொடக்ககாலக் கிறித்தவக் கல்லறைகளைக் காணலாம். குளிர்காலத்தில் போவதாக இருந்தால் ஒரு கவனம் தேவை: குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கின் அடியில் தேங்கி, புகையையும் பிடித்துவைத்துக்கொள்ளும். மூச்சுத்திணறல் உள்ளவர்கள் அன்றன்றைய காற்றுத் தர அறிவிப்பைப் பார்த்துவிட்டு வெளியே கிளம்புவது நல்லது.