ஒவாட்டோனாவின் மூலையில் ஒரு வங்கி

கேள்வி: சின்ன ஊர் ஒன்றின் கடைத்தெருவில் நீங்கள் பார்த்து மறக்க முடியாத பழைய கட்டிடம் எது?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒவாட்டோனா என்று ஒரு ஊர். மினியாபொலிஸிலிருந்து தெற்கே ஒரு மணி நேரக் கார்ப் பயணம். சுற்றிலும் சோளமும் பால் பண்ணைகளும்தான். ஊர் நடுவே பூங்காவைப் பார்த்தபடி, தெரு மூலையில் நிற்கிறது 1908-ல் கட்டி முடித்த நேஷனல் ஃபார்மர்ஸ் பேங்க். என் பதில் அதுதான்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய செங்கல் பெட்டி மாதிரி இருக்கும். கீழே செம்மணற்கல் அடித்தளம், மேலே பல சாயல்களில் செங்கல், ஓரங்களில் பச்சை மெருகேற்றிய சுடுமண் வேலைப்பாடு. தெருவைப் பார்த்த இரண்டு சுவர்களிலும் சுவரையே விழுங்கிவிட்ட மாதிரி ஒரு அரைவட்ட ஜன்னல், ஒவ்வொன்றும் 36 அடி அகலம். உள்ளே போனதும் பேச்சு நின்றுவிடும். வண்ணக் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் பச்சையும் பொன்னிறமுமாகக் கூடம் முழுக்கப் பரவியிருக்கும். தொங்கும் நான்கு வார்ப்பிரும்பு விளக்குகள் ஒவ்வொன்றும் 2 டன்னுக்கு மேல் எடை.

கட்டியவர் லூயி சல்லிவன். சிகாகோவின் வானளாவிகளால் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்; பின்னாளில் அதே துறையில் பெரும்பேர் பெற்ற ஃப்ராங்க் லாயிட் ரைட்டுக்குக் குரு. ஆனால் 1906-ல் அவரிடம் வேலை வருவது ஏறக்குறைய நின்றிருந்தது. அந்தச் சமயத்தில் இந்த ஊர் வங்கிக்காரர் கார்ல் பென்னட், சல்லிவன் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு அவரைத் தேடிப் பிடித்தார். சின்ன ஊர்தானே என்று சல்லிவன் கைக்கு வந்ததைச் செய்து கொடுக்கவில்லை. அலங்கார வேலைகளில் பெரும்பங்கு அவருடைய உதவியாளர் ஜார்ஜ் எல்ம்ஸ்லியின் கைவண்ணம்; அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

என்னை அதிகம் தொட்டது வேறொன்று. விவசாயிகள் உட்கார்ந்து பேச அங்கே தனியாக ஒரு அறை கட்டியிருந்தார்கள். சுவரில் ஆஸ்கர் கிராஸ் வரைந்த பெரிய ஓவியங்கள்: ஒன்றில் மேய்ச்சல் மாடுகள், இன்னொன்றில் அறுவடை. ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவை அங்கே கூட்டிப்போனேன். அவர் முப்பது வருஷம் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தவர். மாட்டு ஓவியத்தை நிமிர்ந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார். அப்புறம், "பயிர்க்கடனுக்கு வர்றவங்க நம்ம பேங்க்ல வராந்தாவுலதாம்ப்பா நிப்பாங்க. ஒரு பெஞ்சு கூடப் போட்டதில்ல" என்றார். காரில் ஏறிய பிறகும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்த வங்கி நிலைக்கவில்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு விளைபொருள் விலை சரிந்து விவசாயிகள் நொடித்துப்போனார்கள்; 1926-ல் வங்கியும் மூடப்பட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே சல்லிவன் சிகாகோவில் வறுமையில் இறந்துபோயிருந்தார். கட்டிடம் தப்பியதற்குக் காரணம், அதை வேறு வங்கிகள் எடுத்துத் தொடர்ந்து நடத்தியதுதான் என்று நினைக்கிறேன். அப்படியும் 1940-ல் புதுப்பிக்கிறோம் என்று காசாளர் கவுன்டர்களில் இருந்த கம்பித் தடுப்புகளைப் பெயர்த்துவிட்டார்கள். அந்தத் தடுப்புகளில் சில இப்போது அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. 1950-களின் கடைசியில் ஹார்வெல் ஹாமில்டன் ஹாரிஸ் என்ற கட்டடக் கலைஞர் அக்கறையோடு சீரமைத்துக் கொடுத்தார். 1976-ல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது. 1981-ல் 18 சென்ட் தபால்தலையிலும் வந்தது.

நாங்கள் போனபோதும் அது வங்கியாகத்தான் இருந்தது. கவுன்டரில் ஒரு அம்மா காசோலை மாற்றிக்கொண்டிருந்தார், அவர் தலைக்கு மேலே மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. போகிறவர்கள் வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, மதியத்துக்கு மேல் போங்கள். மேற்கு ஜன்னலில் வெயில் இறங்கும் நேரம் அது.