மன்னார்க் கடலடியில் என்ன இருக்கிறது?

கேள்வி: 2011-இல் மன்னார்க் கடலில் எரிவாயு கிடைத்ததாகச் சொன்னார்கள். பிறகு ஏன் எடுக்கவில்லை?

பதில்: கிடைத்தது உண்மைதான். கெய்ர்ன் லங்கா நிறுவனம் 'சிக்யூ' என்ற ஜப்பானியத் துளையிடும் கப்பலைக் கொண்டு, சுமார் 1,350 மீட்டர் ஆழக் கடலில் டொராடோ கிணற்றைத் தோண்டியது. ஏறத்தாழ 25 மீட்டர் தடிமனுக்கு வாயு இருந்தது. அடுத்து பாரகுடாவிலும் கிடைத்தது. மூன்றாவது கிணறு வெறுங்கிணறு. கிணறு என்பது அடியில் ஒரு சாண் அகலத் துளை. அந்த மணற்பாறை எத்தனை கிலோமீட்டர் பரந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. அதற்கு இன்னும் சில கிணறுகளும் வாயுவை ஓடவிட்டுப் பார்க்கும் சோதனையும் வேண்டும். எண்ணெயைப் போல வாயுவை அப்படியே கப்பலில் ஏற்றிவிட முடியாது. கரைவரை குழாய் போடும் செலவைத் தாங்குமளவு இருப்பு தேறினால்தான் எடுப்பார்கள்.

கேள்வி: தோண்டாமல் ஒலியலை ஆய்வாலேயே சொல்லிவிட முடியாதா?

பதில்: ஒலியை அனுப்பி அதன் எதிரொலியைப் படமாக்கும் அந்த ஆய்வு இடத்தைக் குறிக்க உதவும், உறுதி தராது. பாறைத் துளைகளில் பத்து சதவீதம் வாயு இருந்தாலே ஒலிவேகம் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் அரைகுறை வாயுவும் நிறைந்த வாயுவும் படத்தில் ஒரேமாதிரிப் பளிச்சிடும். மின்தடையை அளக்கும் மின்காந்த ஆய்வு இங்கே கைகொடுக்கும். வாயு நிறைந்திருந்தால்தான் தடை ஏறும்.

எங்கள் கணிப்பில் இதைவிட ஆபத்தானது கடலடிப் பள்ளம். நீரில் ஒலி நொடிக்கு 1,500 மீட்டர் போகும், பள்ளம் இல்லாத இடத்தில் கடலடியின் மேற்படிவில் 2,000 என்று வைப்போம். 150 மீட்டர் பள்ளத்தைக் கடந்து திரும்பும் அலை 0.05 நொடி பிந்தும். அந்தப் பிந்தலால், நொடிக்கு 2,500 மீட்டர் வேகமுள்ள பாறையில், பள்ளத்துக்கு அடியிலுள்ள அடுக்கு 60 மீட்டருக்கும் மேல் தாழ்ந்ததாகத் தெரியும். பள்ளத்தின் பக்கத்து இடம் அப்போது மேடாகத் தெரியும். வாயு மேட்டில் தேங்கும் என்று நம்பி, இல்லாத மேட்டில் கிணறு இறங்கும். அலை திரும்பும் நேரத்தைக் காட்டும் படத்தை ஆழப் படமாக மாற்றாமல் இடம் குறிக்கவே கூடாது. மன்னாரில் எரிமலைப் பாறை அடுக்குகளும் உண்டு. அவை அலையைச் சிதறடிப்பதால் அடியிலுள்ளவை மங்கிவிடும்.

கேள்வி: கடலடிச் சேற்றை அள்ளுவது எதற்கு?

பதில்: வாயுவை உண்டாக்கும் மூலப்பாறை ஆழத்து வெப்பத்தில் வெந்திருக்கிறதா என்று அறிய. சில மீட்டர் நீளக் குழாயைச் சேற்றில் செருகி எடுத்து, அடிப்பகுதியைத் தகர டப்பாவில் அடைப்பார்கள். மீத்தேன் மட்டும் இருந்தால் அது நுண்ணுயிர் வேலையாக இருக்கலாம். ஈத்தேன், புரோப்பேனும் கணிசமாகச் சேர்ந்திருந்தால் ஆழத்து வெப்பத்தில் உண்டானது என்று சந்தேகிக்கலாம். டப்பாவை உடனே உறையவைக்க வேண்டும். தாமதித்தால் கரைக்கு வருவதற்குள் நுண்ணுயிர்கள் உள்ளேயே புது மீத்தேன் உண்டாக்கிவிடும், அந்த மாதிரியை வைத்து எதையும் சொல்ல முடியாது.