ஷாக்கிள்டன் நடந்த வழியில் நடந்தால் துக்கம் ஆறுமா?

தம்பியைப் பறிகொடுத்து ஆறு மாதம், அவன் உயிராய் நினைத்த அன்டார்க்டிகா பயணி ஷாக்கிள்டனின் பாதையில், தென் அட்லாண்டிக் தீவான தெற்கு ஜார்ஜியாவில் நடக்கப் போகிறேன், மனம் ஆறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் தடுக்கிறார்கள் போலிருக்கிறது. என்னையும் தடுத்தார்கள், போனேன். மனம் ஆறாது. ஆனாலும் போய் வாருங்கள்.

என் கணவர் கப்பல் இன்ஜினியர். சிறுவயதில் தூத்துக்குடியில் மில் சங்கு கேட்டு எழுந்தவர். அதனாலோ என்னவோ, ஷாக்கிள்டன் கதையில் அவருக்குப் பிடித்தது ஒரே ஒரு இடம்தான். அவருடைய எண்டியூரன்ஸ் கப்பல் அன்டார்க்டிகா கடல் பனியில் நசுங்கி மூழ்கிவிட்டது. 22 பேரை எலிஃபன்ட் தீவில் விட்டுவிட்டு, ஆறு பேர் சின்னப் படகில் 800 கடல் மைல் கடந்து தெற்கு ஜார்ஜியாவுக்கு வருகிறார்கள். வந்து ஒதுங்கியது ஆளில்லாத கரை. திமிங்கில வேட்டைக்காரர்கள் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம். ஷாக்கிள்டன், கப்பல் கேப்டன் வோர்ஸ்லி, கூட வந்த டாம் கிரீன் மூவரும் படகில் கழற்றிய திருகாணிகளைப் பூட்ஸ் அடியில் முடுக்கிக்கொண்டு, 50 அடிக் கயிறும் தச்சரின் வாய்ச்சியுமாக ஏறுகிறார்கள். விடிய விடிய நடக்கிறார்கள். 1916 மே 20, காலை ஏழு மணிக்கு ஸ்ட்ரோம்னஸ் திமிங்கில வேட்டை நிலையத்தின் ஊதல் கேட்கிறது. "சங்கு ஊதிட்டான்!" என்பார் கணவர். அவர் வாயைத் திறக்குமுன்பே மகள் சொல்லிவிடுவாள்.

அவரை எடுக்கும்போது வாசலில் சங்கு ஊதினார்கள். நானும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்றுதான் போவது என்று முடிவு செய்தேன்.

அவர்கள் நடந்ததை நானும் நடந்தேன் என்று சொல்லவே மாட்டேன். அவர்களுக்கு 36 மணி நேரம், தீவின் உட்பகுதிக்கு வரைபடம்கூடக் கிடையாது. நான் நடந்தது ஃபார்ச்சூனா விரிகுடாவிலிருந்து ஸ்ட்ரோம்னஸ் வரையிலான கடைசி ஆறு கிலோமீட்டர், வழிகாட்டிகளோடு. வசதி இருப்பவர்களின் துக்கம் என்று யாராவது எழுதுவீர்கள். அவர் இதற்கென்றே சேர்த்து வைத்த பணம் அது.

அந்தப் பணத்தை எடுக்க வங்கியில் நான் பட்ட பாடு! நாமினி என் பெயர்தான். நாமினி இருந்தால் இறப்புச் சான்றிதழும் என் அடையாளச் சான்றும் போதும். ஆனால் வாரிசுச் சான்றிதழ் கொண்டு வா என்று நாலு மாதம் அலையவிட்டார்கள். இறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவர், "சார் வந்து ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சிடும்மா" என்றார். யாருக்கும் இந்த நிலை வரக் கூடாது. வங்கிக்குப் போவதானால் நாமினி பற்றிய விதிமுறையை அச்செடுத்து எடுத்துப் போங்கள்.

சரி, நடைக்கு வருகிறேன். தீவில் இறங்குமுன் கப்பலிலேயே சோதனை உண்டு. வெளியூர் விதை, மண், இலை எதுவும் கரையேறக் கூடாது. பூட்ஸ் அடியைத் தேய்த்துக் கழுவி, சட்டைப் பைகளுக்குள் வேக்குவம் கிளீனர் விடுவார்கள். நான் போட்டிருந்தது அவருடைய ஜாக்கெட். உள்பையில் குழாயை விட்ட பெண் சட்டென்று நிறுத்தினாள். கையில் பொடிப்பொடியாகக் காய்ந்த இலை, வெள்ளைத் தூள். திருச்செந்தூர் இலை விபூதி. எப்போது வைத்தாரோ. பாதிக்கு மேல் உறிஞ்சிவிட்டது. அவளைக் குறை சொல்லவில்லை, அவள் வேலை அது. விரலில் ஒட்டியிருந்ததை மட்டும் நெற்றியில் இட்டுக்கொள்ள விட்டாள்.

மூன்று பேர் நடந்தபோது நான்காவதாக ஒருவர் கூடவே வந்ததுபோல இருந்தது என்று ஷாக்கிள்டன் பிற்பாடு எழுதினார். நீங்களும் அதை நினைத்துத்தான் கிளம்புகிறீர்கள் என்று படுகிறது. நானும் அப்படித்தான். எனக்கு யாரும் கூட வரவில்லை. சுமார் 300 மீட்டர் ஏற்றம், எல்லாம் சரளைக்கல். எந்தக் காலை எங்கே வைப்பது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அன்று பனி உடைந்து டாம் கிரீன் உள்ளே விழுந்த குளத்தைக் காட்டினார்கள், நின்று பார்க்கக்கூட இல்லை. கீழே ஸ்ட்ரோம்னஸின் துருப்பிடித்த தகரக் கொட்டகைகள் தெரிந்தபோதுதான் உறைத்தது, மூன்று மணி நேரம் அவரை நினைக்கவே இல்லை. ஒன்பது மாதத்தில் முதல் தடவை. ஏதோ துரோகம் செய்துவிட்ட மாதிரி உட்கார்ந்து அழுதேன். அந்த நிலையத்தை 1961-இலேயே மூடிவிட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதால் 200 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. அங்கே இப்போது சீல்களின் சத்தம்தான்.

நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள், பெரும்பாலும் அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் கப்பல் ஏற வேண்டும். தம்பியின் சட்டை ஏதாவது போட்டுக்கொண்டு போவதாக இருந்தால், பைகளை வீட்டிலேயே ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.