நன்றாக ஓடும் ஹெலிகாப்டரில் எரிபொருள் பாகத்தைக் கட்டாயம் மாற்றச் சொல்வது ஏன்?

இப்படி மாற்றச் சொல்லும் ஆணைக்கு வான்தகுதி உத்தரவு என்று பெயர். ஒரு எஞ்சினில் ஆபத்தான குறை தெரிந்து, அதே வடிவமைப்பில் உள்ள மற்றவற்றிலும் அது வரலாம் என்றால், அமெரிக்காவில் எஃப்.ஏ.ஏ., ஐரோப்பாவில் ஈ.ஏ.எஸ்.ஏ. என்ற விமானப் பாதுகாப்பு அமைப்புகள் இதை வெளியிடும். தயாரிப்பாளர் அனுப்பும் சுற்றறிக்கை பெரும்பாலும் பரிந்துரைதான், இது சட்டம். சில உத்தரவுகள் இத்தனை மணி நேரப் பறப்புக்குள் என்று கெடு வைக்கும். சில, அடுத்த முறை கிளம்பும் முன்பே என்று சொல்லிவிடும்.

எரிபொருள் பாகத்தில் ஏன் இவ்வளவு கண்டிப்பு? விமானி இடக்கைப் பக்க நெம்புகோலை உயர்த்தினால் மேலே சுழலும் ரோட்டர் இறக்கைகளின் சாய்வு கூடும், எஞ்சினுக்குச் சுமை ஏறும். சுழலும் வேகம் குறையாமலிருக்க, எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவி அந்தக் கணமே கூடுதலாக எரிபொருள் அனுப்ப வேண்டும். உள்ளே ஒரு வால்வு சிக்கினாலும் எஞ்சின் அணையலாம், அல்லது அளவுமீறி வேகமெடுக்கலாம். ஒற்றை எஞ்சின் என்றால் விமானிக்கு ஓரிரு நொடிதான். நெம்புகோலை இறக்கி, கீழிருந்து வரும் காற்றிலேயே ரோட்டரைச் சுழலவிட்டுத் தரையிறங்க வேண்டும். தாழ்வாக, மெதுவாகப் பறக்கும்போது அதற்கும் உயரம் போதாது.

வீட்டு கேஸ் குழாயைப் பாருங்கள். வெளியே நன்றாகத்தான் இருக்கும். வளைத்தால்தான் ரெகுலேட்டர் பக்கம் மயிரிழை வெடிப்பு தெரியும். அடுப்பு எரிகிறதே என்று அப்படியே விடுவோமா?

அப்புறம், கோளாறு காட்டிய ஹெலிகாப்டருக்கு மட்டும்தான் உத்தரவு என்று பலர் நினைக்கிறார்கள். அதில் சொன்ன பாக எண்ணும் தொடர் எண்ணும் பொருந்தினால், இதுவரை ஒரு தொந்தரவும் தராத பாகத்தையும் கழற்றியே ஆக வேண்டும்.