ஒரு பாதிரியார் ஆயர், பேராயர், கர்தினால் வரை போவது எப்படி? நடுவில் இருக்கும் நிர்வாகப் பதவிகளில் என்னதான் வேலை?

கேள்வி கேட்டவர் கர்தினால் லூர்துசாமியை உதாரணம் காட்டி, "தமிழ்நாட்டின் கல்லேரியில் பிறந்த ஒருவர் வாடிகனில் ஒரு துறைக்கே தலைவர் ஆனது பரீட்சை எழுதியா, சீனியாரிட்டியா, சிபாரிசா?" என்று கேட்டிருக்கிறார்.

மூன்றும் இல்லை. பரீட்சை கிடையாது, விண்ணப்பம் கிடையாது. "எனக்கு ஆயர் பதவி வேண்டும்" என்று காய் நகர்த்துகிறவர் என்ற பேச்சு வந்துவிட்டால் அதுவே பாதகமாகிவிடும். இது பதவி உயர்வு ஏணியும் இல்லை. இருபது வருடம் பங்குத்தந்தையாக (ஒரு ஊர்க் கோயிலின் பொறுப்புக் குருவாக) இருந்தவருக்கு அடுத்து ஆயர் பதவி என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். குருத்துவப் பட்டங்கள் மூன்றுதான்: திருத்தொண்டர், குரு (பாதிரியார்), ஆயர் (பிஷப்). பேராயர் என்பவரும் பட்டத்தில் ஆயரே. பெரிய மறைமாவட்டமும் (ஒரு ஆயரின் ஆளுகைப் பகுதி) அதைச் சுற்றியுள்ள மறைமாவட்டங்கள் மீது கொஞ்சம் மேற்பார்வையும் அவருக்கு உண்டு. சென்னை-மயிலைப் பேராயருக்குக் கீழே செங்கல்பட்டு, வேலூர், கோயம்புத்தூர், உதகை வருகின்றன. ஆனால் அந்த ஆயர்களை அவர் இடமாற்றம் செய்ய முடியாது, அவர்களுடைய கணக்கைக் கேட்கவும் முடியாது. 'மான்சிஞ்ஞோர்' என்பது சில குருக்களுக்குக் கொடுக்கும் வெறும் மரியாதைப் பட்டம். கர்தினால் என்பது திருத்தந்தையை (போப்பை) தேர்ந்தெடுக்கும் குழுவில் இடம், அவ்வளவுதான்.

இனி லூர்துசாமியின் பாதை. 1924இல் பிறப்பு. கடலூரில் சிறு குருமடம் (குருக்களுக்கான பயிற்சி இல்லம்), பெங்களூரில் பெரிய குருமடம், சென்னை லயோலாவில் படிப்பு, 1951 டிசம்பரில் குருப்பட்டம், ரோம் உர்பானியானா பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம். புதுச்சேரியில் பேராயரின் செயலர், பிறகு சான்சலர் (ஆணைகள், ஆவணங்களின் பொறுப்பாளர்), கூடவே 'சர்வ வியாபி' வார இதழின் ஆசிரியர். 1962இல் பெங்களூர் துணை ஆயர்.

இதில் கவனிக்க வேண்டியது சட்டப் படிப்பும் சான்சலர் நாற்காலியும். ஒரு இளம் குருவை ஆயர் எந்தப் படிப்புக்கு அனுப்புகிறார் என்பதில் பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது. பைபிளோ இறையியலோ படித்தவர் பெரும்பாலும் பூந்தமல்லி போன்ற குருமடத்துக்குப் பேராசிரியராகப் போவார். சட்டம் படித்தவர் ஆயர் இல்லத்துக்கு வருவார். இப்போது இதற்கு ரோம்தான் போக வேண்டும் என்றில்லை, பெங்களூர் புனித பேதுரு நிறுவனத்திலேயே முதுநிலைப் பட்டம் வாங்கலாம்.

சாந்தோம் நெடுஞ்சாலையில் உள்ள பேராயர் இல்லத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பேராயருக்கு அடுத்தபடியாக முதன்மைக் குரு. பேராயருக்குள்ள நிர்வாக அதிகாரத்தில் பெரும்பகுதி இவருக்கும் உண்டு. 30 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஆயருக்கு நான்காம் படிவரை இரத்த உறவாக இருக்கக் கூடாது. அண்ணன் மகனையோ சித்தப்பா பையனையோ நியமிக்க வழியில்லை என்று அர்த்தம். சான்சலர் வேறு. ஆணைகள் எழுதப்படுவதும், அனுப்பப்படுவதும், ஆவணக் காப்பகத்தில் ஒழுங்காகச் சேருவதும் அவர் பொறுப்பு. சட்டப்படி விளைவுள்ள எந்த ஆணையிலும் அதைப் பிறப்பிக்கும் ஆயரோ முதன்மைக் குருவோ கையெழுத்திடாவிட்டால் அது செல்லாது. கூடவே சான்சலரோ நோட்டரியோ கையெழுத்திட வேண்டும். சான்சலர் குருவாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பொதுநிலையினர், பெண்கள் உட்பட, இருக்கலாம். நம் ஊரில் இன்னும் அங்கியைத்தான் தேடுகிறார்கள்.

சான்சலர் மேசைக்கு வருவதில் பெரும்பகுதி கல்யாணக் கோப்புகள். ஒரு கத்தோலிக்கப் பையன் சி.எஸ்.ஐ. பெண்ணைக் கட்டினால் தேவைப்படுவது அனுமதி. இந்துப் பெண்ணைக் கட்டினால் தேவைப்படுவது விதிவிலக்கு. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். அனுமதி வாங்காவிட்டால் திருமணம் முறைகேடு, ஆனால் செல்லும். விதிவிலக்கு வாங்காவிட்டால் திருமணமே செல்லாது. சிக்கல் வருவது மூன்றாவது வகையில். பெண் பெந்தெகொஸ்தே, ஞானஸ்நானம் வாங்கியவர் என்று பங்குத்தந்தை அனுமதிப் படிவத்தை நிரப்பி அனுப்பிவிடுவார். "தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால்" என்று சொல்லாமல் "இயேசுவின் நாமத்தில்" என்று மட்டும் சொல்லிக் கொடுக்கும் சபை என்றால் கத்தோலிக்கத் திருச்சபை அதை ஞானஸ்நானமாக ஏற்காது. அப்போது சட்டத்தின் கண்ணில் அந்தப் பெண் ஞானஸ்நானம் பெறாதவர், படிவம் மாற வேண்டும். பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்த பிறகு இது தெரியவந்தால் ஆயர் இல்ல வாசலில் கூச்சல்தான். நல்ல சான்சலர் "எந்தச் சபை, என்ன வார்த்தை சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று முதல் நாளே கேட்டு வாங்கிவிடுவார்.

திருமணம் செல்லாது என்று தீர்ப்பளிக்கும் திருச்சபை நீதிமன்றத்துக்குத் தனித் தலைவர் உண்டு. அவருக்குச் சட்டத்தில் முதுநிலையோ முனைவரோ கட்டாயம், பொதுவாக முதன்மைக் குருவே இந்தப் பொறுப்பையும் வகிக்க முடியாது. முன்பெல்லாம் இரண்டு நீதிமன்றங்கள் ஒரே மாதிரி தீர்ப்புச் சொன்னால்தான் மறுமணம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 டிசம்பர் முதல் அதை எடுத்துவிட்டார். மேல்முறையீடு இல்லையென்றால் ஒரு தீர்ப்பு போதும். இதை வைத்துக்கொண்டு இந்தியச் சட்டப்படி இரண்டாம் கல்யாணம் செய்ய முடியாது. 1996இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது, குடும்ப நீதிமன்றத்தில் தனியாக விவாகரத்தோ ரத்தோ வாங்கியே ஆக வேண்டும்.

பொருளாளர் (பழைய ஆட்கள் 'புரோகுரேட்டர் சாமி' என்பார்கள்) பதவிதான் என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் கடினமானது. ஐந்தாண்டு நியமனம். அவருக்கு மேல் குறைந்தது மூன்று பேர் கொண்ட நிதிக்குழு. அதிலும் ஆயரின் உறவினருக்கு இடமில்லை. உள்ளே திருச்சபைச் சட்டம், வெளியே இந்திய அரசு, இரண்டுக்கும் அவர் பதில் சொல்ல வேண்டும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடை எதுவாக இருந்தாலும் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் விழ வேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைக்கப்பட்டது, ஒரு அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொன்றுக்குக் கைமாற்ற முடியாது. மறைமாவட்டம் வாங்கிப் பங்குகளுக்கும் துறவற சபைகளுக்கும் பிரித்துக் கொடுத்த பழக்கம் அதோடு நின்றது. நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31க்குள், கணக்கு சமர்ப்பிக்காவிட்டால் அபராதத்தில் தொடங்கி உரிமமே போகும் வரை இழுக்கும். போதாக்குறைக்கு, அரசு உதவிபெறும் பள்ளியில் வேலை செய்யும் குருக்கள், கன்னியர் சம்பளத்தில் வருமான வரிப் பிடித்தம் உண்டு என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. "ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர், சம்பளம் சபைக்குத்தானே போகிறது" என்ற வாதம் எடுபடவில்லை.

நிலம் இன்னொரு தலைவலி. ஆயர்களின் பேரவை வகுத்த ஒரு கீழ் வரம்பு, ஒரு மேல் வரம்பு உண்டு. இரண்டுக்கும் நடுவே மதிப்புள்ள மறைமாவட்டச் சொத்தை விற்க, நிதிக்குழு, ஆலோசகர் குழு (ஆயருக்கு ஆலோசனை சொல்லும் குருக்கள்) இரண்டின் சம்மதமும் வேண்டும். மேல் வரம்பைத் தாண்டினால் ரோமின் அனுமதியும் வேண்டும். கலை, வரலாற்று மதிப்புள்ள பொருள் என்றால் விலை எதுவானாலும் ரோம்தான். இதைத் தவிர்க்க நிலத்தைத் துண்டு துண்டாக விற்கும் தந்திரத்தைச் சட்டம் எழுதியவர்களே எதிர்பார்த்திருக்கிறார்கள்: பிரிக்கக்கூடிய சொத்து என்றால் ஏற்கெனவே விற்ற பகுதிகளை விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும், மறைத்தால் கொடுத்த அனுமதியே செல்லாது. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் திருச்சபைச் சட்டத்தை யாரும் கேட்கப்போவதில்லை. உள்ளே செல்லாத விற்பனை வெளியே செல்லுபடியாகி நிற்கும். இத்தகைய வழக்குகள் இழுத்துக்கொண்டே போவதற்கு இதுதான் காரணம்.

இந்த மேசைகளில் ஒருவர் எப்படி நடந்துகொண்டார் என்பது நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். ஆயர் தேர்வில் அதுதான் பேசும். சட்டம் கேட்பது 35 வயது, குருவாகி ஐந்து வருடம், பைபிள், இறையியல், திருச்சபைச் சட்டம் மூன்றில் ஒன்றில் உயர்பட்டம் அல்லது அதற்கு ஈடான தேர்ச்சி. ஒரு திருச்சபை மாநிலத்து ஆயர்கள் (ஒரு பேராயரும் அவருக்குக் கீழே வரும் ஆயர்களும்) மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது தகுதியான குருக்களின் பட்டியலை ரகசியமாகத் தயாரித்து வைப்பார்கள். இடம் காலியானால் டெல்லி சாணக்யபுரியில் உள்ள திருத்தந்தையின் தூதர் விசாரணையைத் தொடங்குவார். குறிப்பிட்ட குருவை அறிந்த ஆயர்கள், குருக்கள், சில பொதுநிலையினருக்குக் கேள்வித்தாள் போகும்: படிப்பு, ஜெபவாழ்வு, பணம் கையாளும் விதம், கோபதாபம், உடல்நலம், குடும்பத்தில் பரம்பரை நோய் உண்டா என்பது வரை. கிடைத்தவர் அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது, திருத்தந்தையின் ரகசியக் கட்டுப்பாடு அதற்கு உண்டு. தாளில் சாதி கிடையாது. ஆனால் தமிழ்நாட்டில் ஒவ்வொரு நியமனத்தின்போதும் சாதிக் கணக்கு வெளிப்படையாகவே பேசப்படுகிறது. தலித் கத்தோலிக்கரின் எண்ணிக்கைக்கு ஏற்ற ஆயர்கள் இல்லை என்ற குறை நியாயமானது.

முடிவில் தூதர் மூன்று பெயர்களைத் தன் கருத்தோடு ரோமுக்கு அனுப்புவார். இந்தியாவில் ரோமன் வழிபாட்டு முறையைப் பின்பற்றும் இலத்தீன் மறைமாவட்டங்களின் கோப்பு ஆயர்களுக்கான துறைக்குப் போகாது, நற்செய்தி அறிவிப்புத் துறைக்குப் போகும். மூவரில் ஒருவரைத்தான் எடுக்க வேண்டும் என்று திருத்தந்தைக்குக் கட்டாயம் இல்லை. சம்மதம் கேட்டுத் தூதரே அந்தக் குருவைத் தொடர்புகொள்வார், மறுப்பவர்களும் உண்டு. அறிவிப்பு ரோமில் நண்பகல் 12 மணிக்கு வெளியாகும். நமக்குக் கோடையில் மாலை 3.30, குளிர்காலத்தில் 4.30. அந்த நேரத்துக்கு ஆயர் இல்லத்தில் குருக்களைத் திடீரென்று கூட்டினால் செய்தி என்னவென்று ஊகித்துக்கொள்ளலாம்.

உள்ளூர் சீனியாரிட்டி வேலை செய்யாது என்பதற்குச் சாந்தோமே சாட்சி. 1952இல் சென்னையும் மயிலாப்பூரும் இணைந்தபோது முதல் பேராயரான லூயி மத்தியாஸ் பாரிஸில் பிறந்த சலேசியர், ஷில்லாங்கிலிருந்து வந்தவர். அருள்தாஸ் உதகையிலிருந்தும் சின்னப்பா வேலூரிலிருந்தும் வந்தார்கள். 2012 நவம்பரில் நியமிக்கப்பட்ட ஜார்ஜ் அந்தோணிசாமி, திருத்தந்தையின் தூதராக மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்தவர்.

லூர்துசாமி 1964இல் பெங்களூருக்கு வாரிசுரிமைப் பேராயர் ஆனார். துணை ஆயருக்கு அடுத்த இடம் என்பது உத்தரவாதம் இல்லை, வாரிசுரிமை உள்ளவருக்குப் பழையவர் விலகிய நொடியில் பதவி தானாக வரும். 1968 ஜனவரியில் அப்படித்தான் வந்தது. மூன்றே வருடத்தில், 1971இல், ஒரு பெரிய பேராயர் நாற்காலியை விட்டுவிட்டு ரோமில் நற்செய்தி அறிவிப்புப் பேராயத்தில் (துறையின் அன்றைய பெயர்) இணைச் செயலராகப் போனார். வெளியிலிருந்து பார்த்தால் பதவி இறக்கம். 1973இல் செயலர், துறையில் இரண்டாம் இடம். ஆசியா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்கான ஆயர் நியமனக் கோப்புகள் தாண்டிப்போகும் மேசை அது, அங்கே பன்னிரண்டு வருடம். 1985 மே மாதம் கர்தினால், அதே அக்டோபரில் கீழைத் திருச்சபைகளுக்கான பேராயத்தின் தலைவர். தமிழ் இலத்தீன்காரர் ஒருவர், ரோமோடு இணைந்திருந்தும் தனி வழிபாட்டு முறை கொண்ட கேரளத்துக் கீழைத் திருச்சபைகளான சீரோ-மலபார், சீரோ-மலங்கரைக்காரர்களின் விவகாரங்களுக்குப் பொறுப்பேற்றார். இலத்தீன் ஆயர்களோடு அவர்களுக்கிருந்த எல்லைத் தகராறு தெரிந்தவர்களுக்கு அதன் சங்கடம் புரியும். கீழைத் திருச்சபைகளின் சட்டத்தொகுப்பு வெளியானதும் அவர் காலத்தில், 1990இல். அடுத்த வருடம் பதவி விலகினார்.

கர்தினாலாக 29 வருடம் வாழ்ந்தும் அவர் ஒரு திருத்தந்தை தேர்தலிலும் ஓட்டுப்போடவில்லை. 2004இல் 80 வயது முடிந்து வாக்குரிமை போனது, அடுத்த தேர்தல் 2005இல் வந்தது.

நேரெதிர் உதாரணம் கேரளத்தின் ஜார்ஜ் கூவக்காட். திருத்தந்தையின் வெளிநாட்டுப் பயணங்களை ஏற்பாடு செய்த மான்சிஞ்ஞோர், எந்த மறைமாவட்டத்தையும் ஆளாமலே 2024 டிசம்பரில் கர்தினால் ஆனார்.

பின்னூட்டத்தில் ஒருவர், "ஆயர் இறந்துவிட்டால் முதன்மைக் குருதானே அடுத்த ஆள்?" என்று கேட்டிருந்தார். இல்லை. இடம் காலியான உடனே முதன்மைக் குருவின் பதவியும் போய்விடும். சான்சலரும் நீதிமன்றத் தலைவரும் தொடர்வார்கள். ஆலோசகர் குழு எட்டு நாளுக்குள் மறைமாவட்ட நிர்வாகியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவருக்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும், பொருளாளரே நிர்வாகியாகவும் இருக்க முடியாது. புதிய ஆயர் பொறுப்பேற்கும்வரை புதிதாக எதையும் மாற்றக் கூடாது என்பது விதி. ஆகவே அந்த இடைவெளியில் உங்கள் பங்கைப் பிரிக்கச் சொல்லியோ நிலத்தை விற்கச் சொல்லியோ மனுக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். கல்யாண விதிவிலக்கு மட்டும் வழக்கம்போல் கிடைக்கும்.